விண்வெளிக் கனிமத்துக்கு வரி: யார் கேட்பது, எதன் மேல் கேட்பது?

14 ஜூலை 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

"நிலாவும் சிறுகோள்களும் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை என்று 1967 ஒப்பந்தமே சொல்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் தன் பணத்தைப் போட்டு, தன் இயந்திரத்தை அனுப்பித் தோண்டி எடுத்த பொருளுக்கு யார் வரி கேட்க முடியும்? கேட்பவனுக்கு அங்கே என்ன உரிமை? முதலில் யாராவது போய்ச் சேரட்டும். வரியைப் பிறகு பேசிக்கொள்ளலாம்."

14 ஜூலை, இரவு

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. இடம் யாருடையது என்பது ஒன்று. அங்கே வேலை செய்கிறவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது இன்னொன்று. முதலாவதற்கு நீங்கள் சொன்ன அந்த 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 2-ஆம் பிரிவு பதில் சொல்லிவிட்டது. இறையாண்மை கோரியோ, பயன்படுத்தியோ, குடியேறியோ, வேறெந்த வழியிலோ எந்த நாடும் அந்த இடத்தைத் தனதாக்க முடியாது. இரண்டாவதற்கு 6-ஆம் பிரிவைப் பாருங்கள். தனியார் கம்பெனி செய்தாலும் பொறுப்பு அந்த நாட்டின் அரசுக்குத்தான். அனுமதி தருவதும் தொடர்ந்து கண்காணிப்பதும் அரசின் கடமை.

வருமான வரி ஏற்கெனவே இருக்கிறது. விண்வெளி வேலைக்கும் கடல் வேலைக்கும் சேர்த்து அமெரிக்க வரிச் சட்டத்தில் 1986 முதல் ஒரு விதி உண்டு. அமெரிக்கர் ஒருவர் விண்வெளியில் ஈட்டும் வருமானம், பொதுவாக, அமெரிக்காவிலேயே ஈட்டியதாகக் கொள்ளப்படும். எனவே சொந்த நாடு கேட்கும். அதில் சிக்கல் இல்லை.

எனக்கு உறுத்துவது மற்றவர்களின் பங்கு. அதே ஒப்பந்தத்தின் 1-ஆம் பிரிவு, விண்வெளியின் பயன்பாடு எல்லா நாடுகளின் நன்மைக்காகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த எல்லா நாடுகளுக்கும் எந்த வழியாக என்ன போய்ச் சேரும்? அமெரிக்காவின் 2015 சட்டம், எடுத்த பொருளை வைத்துக்கொள்ள, கொண்டுசெல்ல, பயன்படுத்த, விற்க உரிமை கொடுத்தது. ராயல்டி, அதாவது எடுத்த பொருளுக்காகக் கட்ட வேண்டிய பங்கு, பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. பின்னாலேயே லக்சம்பர்க் 2017-இல், ஐக்கிய அரபு அமீரகம் 2019-இல், ஜப்பான் 2021-இல் சட்டம் போட்டன. எடுத்தவருக்கு உரிமை என்ற பாதி வேகமாக எழுதப்பட்டுவிட்டது. மறுபாதி வெறும் தாளாகக் கிடக்கிறது.

15 ஜூலை

"எத்தனை சதவீதம் போடலாம்?" என்று சிலர் கேட்கிறீர்கள். அந்தக் கேள்வியைத் தள்ளிவைக்கச் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் கனிம ராயல்டி கணக்குத் தணிக்கையில் வேலை பார்த்தவன். அங்கே சண்டை சதவீதத்தில் வந்ததே இல்லை. எதன் மேல் அந்தச் சதவீதம் என்பதில்தான் பணம் ஒளிந்துகொள்ளும். எடைமேடைச் சீட்டில் ஒரு எடை இருக்கும், கப்பலில் ஏற்றும்போது வேறு எடை இருக்கும். ஈரப்பதம் என்று ஒரு கழிவு, தரக்குறைவு என்று இன்னொரு கழிவு. இதெல்லாம்கூடச் சில்லறை. பெரிய ஓட்டை, சுரங்கக் கம்பெனி தன் சகோதரக் கம்பெனிக்கே தாதுவை அடிமாட்டு விலைக்கு விற்பது. ராயல்டி அந்த விலையின் மேல் கணக்காகும். சகோதரக் கம்பெனி வரி குறைந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு அதே தாதுவைச் சந்தை விலைக்கு விற்கும். ஒரே சரக்குக்கு இரண்டு விலைச்சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். தேதியும் எடையும் ஒன்று, விலை மட்டும் வேறு. தாளைப் பார்த்தால் கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருக்கும்.

அப்போது எங்களுக்கிருந்த ஒரே பிடி வெளிச்சந்தை. சம்பந்தமில்லாத இருவர் அன்றைக்கு என்ன விலைக்கு வாங்கி விற்றார்கள் என்று தேடுவோம். அந்த விலையை வைத்து மறுகணக்குப் போடுவோம்.

நிலாவில் அந்தப் பிடியே இல்லை. அங்கே சந்தை என்று ஒன்று கிடையாது. 2020 டிசம்பரில் நாசா நிலா மண்ணை வாங்கத் தனியார் கம்பெனிகளோடு நான்கு ஒப்பந்தங்கள் போட்டது. லூனார் அவுட்போஸ்ட் 1 டாலர் கேட்டது. ஐஸ்பேஸின் ஜப்பான் பிரிவும் ஐரோப்பியப் பிரிவும் தலா 5,000 டாலர், மாஸ்டன் 15,000 டாலர். ஒரே மாதிரி மண்ணுக்கு ஒன்றிலிருந்து பதினைந்தாயிரம் வரை விலை. நாசாவின் நோக்கம் மண்ணே இல்லை, "தனியார் எடுத்து விற்கலாம், அரசு வாங்கலாம்" என்ற முன்மாதிரியை ஏற்படுத்துவதுதான். இதை வைத்து எந்த அதிகாரி விலை நிர்ணயிப்பார்? விற்பனை விலையின் மேல் ராயல்டி என்று எழுதினால், சகோதரக் கம்பெனி வழக்கு முதல் நாளிலேயே வந்துவிடும்.

15 ஜூலை, பின்னிரவு

16 சைக்கி சிறுகோளின் மதிப்பு என்று சுற்றும் அந்த ராட்சத எண்ணைத் தயவுசெய்து வரிக் கணக்குக்குள் கொண்டுவராதீர்கள். இன்றைய உலோக விலையை மொத்த நிறையால் பெருக்கி வந்தது அது. அவ்வளவு உலோகம் சந்தைக்கு வந்தால் இன்றைய விலை நிற்காது. அது முழுக்க உலோகம் என்பதே இப்போது சந்தேகத்தில் இருக்கிறது. அதை ஆராய 2023 அக்டோபரில் கிளம்பிய விண்கலம் 2029-இல்தான் போய்ச் சேரும்.

இதுவரை விண்கலங்களில் பூமிக்கு வந்துசேர்ந்தது எவ்வளவு கொஞ்சம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ரியுகு சிறுகோளிலிருந்து ஹயபுசா 2 கொண்டுவந்தது 5.4 கிராம். பென்னு சிறுகோளிலிருந்து ஓசைரிஸ் ரெக்ஸ் கொண்டுவந்தது 121.6 கிராம். நிலாவின் மறுபக்கத்திலிருந்து சாங்கே 6 கொண்டுவந்தது இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆறு அப்போலோ பயணங்களும் சேர்ந்து 382 கிலோ.

18 ஜூலை

அப்படியானால் எங்கே உண்மையான மதிப்பு? பூமிக்குக் கொண்டுவராத பொருளில் என்று நினைக்கிறேன். முக்கியமாகத் தண்ணீர்.

நிலாவின் துருவங்களில் வெயிலே படாத பள்ளங்கள் இருக்கின்றன. சில இடங்களில் மைனஸ் 230 டிகிரிக்கும் கீழே போகிறது. 2009 அக்டோபரில் நாசா ஒரு காலி ராக்கெட் கட்டத்தைக் கபேயஸ் பள்ளத்தில் மோதவிட்டு, எழும்பிய புழுதியை எல்கிராஸ் கலத்தால் அளந்தது. எடையில் 5.6 சதவீதம் தண்ணீர் என்று கணக்கு வந்தது, கூடவோ குறையவோ 2.9 புள்ளிகள். பிழையின் அளவே பாதிக்கு மேல். ஆனாலும் அங்கே தண்ணீர் இருக்கிறது. ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தால் ராக்கெட் எரிபொருள்.

இதன் விலையை எது தீர்மானிக்கும்? அதே தண்ணீரைப் பூமியிலிருந்து தூக்கிச் செல்ல ஆகும் செலவு. அதற்கு மேல் ஒரு டாலர் கேட்டாலும் வாங்குகிறவர் பூமியிலிருந்தே கொண்டுபோய்விடுவார். நிலாத் தரையில் சரக்கை இறக்க ஆஸ்ட்ரோபோட்டிக் என்ற அமெரிக்கக் கம்பெனி விளம்பரப்படுத்திய கட்டணம் கிலோவுக்கு 12 லட்சம் டாலர். இந்த விலை நீடித்தால் துருவத் தண்ணீர் தங்கத்தைவிட மேல். ஆனால் நீடிக்காது. பூமியின் தாழ்வட்டப் பாதைக்கு ஷட்டில் காலத்தில் கிலோவுக்கு 50,000 டாலருக்கு மேல் ஆனதாகக் கணக்கிட்டார்கள். ஃபால்கன் 9 ராக்கெட் வந்தபிறகு 3,000 டாலர் பக்கம் வந்துவிட்டது. நிலாவுக்கும் இதே சரிவு வரும்போது தண்ணீரின் மதிப்பும் கூடவே இறங்கும்.

அதாவது தோண்டுகிறவரின் லாபத்தை முடிவுசெய்வது பள்ளத்தில் உள்ள பனி மட்டுமில்லை, பூமியில் வேறொருவர் கட்டும் ராக்கெட்டும்தான். டன்னுக்கு இவ்வளவு என்று இன்றைக்கு நிலையாக ஒரு ராயல்டி எழுதிவைத்தால், பத்தாண்டில் அது ஒன்று அற்பமாக இருக்கும் அல்லது தொழிலையே கொன்றுவிடும். எடையின் மேல் வரி என்பதிலிருந்து நான் விலகுவது இதனால்தான்.

19 ஜூலை

நிலா மண்ணில் கிடைக்கும் அரிய வாயுவான ஹீலியம் 3 பற்றிக் கேட்டவருக்கு: இன்டர்லூன் என்ற கம்பெனியிடம் மூன்று லிட்டர் வாங்க அமெரிக்க எரிசக்தித் துறை 2025-இல் ஒப்பந்தம் போட்டது. பூமிக்கு வரும் பொருள் என்பதால் அதற்கு விலை உண்டு, சுங்கச் சோதனை உண்டு, வாங்குகிறவர் உண்டு. வரிக்காரருக்கு எளிய பண்டம். தண்ணீர்தான் கடினம், அது எந்த எல்லையையும் தாண்டுவதில்லை. ஒரு கம்பெனி எடுத்து, அதே கம்பெனி எரித்து, அதே கம்பெனியின் கலம் பறந்து போய்விடும். விலைச்சீட்டே பிறக்காது.

20 ஜூலை

"ஆழ்கடல் யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் பிடித்த மீன் பிடித்தவருக்குச் சொந்தம். நிலாவும் அப்படித்தான்." இந்த வாதத்தை மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள். நிலா ஆய்வுக்காக அமெரிக்கா முன்னின்று உருவாக்கிய 2020 ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. வளங்களை எடுப்பது தன்னளவில் இடத்தைத் தனதாக்குவது ஆகாது என்கிறது அதன் 10-ஆம் பகுதி.

மீன் இனப்பெருக்கம் செய்யும், பனி செய்யாது. அந்தப் பள்ளங்களில் உள்ளது வெகு நீண்ட காலம் சேர்ந்த இருப்பு. எடுத்தால் போயிற்று. அதோடு அதில் சூரியக் குடும்பத்தின் வரலாறும் உறைந்து கிடக்கிறது, தோண்டிச் சூடாக்கியபின் அறிவியலுக்கு அது திரும்பக் கிடைக்காது.

அடுத்தது இதைவிட முக்கியம். மீன்பிடிக் கப்பல் வலையைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்துவிடும், அந்த இடம் அடுத்தவருக்குத் திறக்கும். சுரங்கம் நகராது. மின்சாரத்துக்கு வெயில் படும் மேடு வேண்டும், தண்ணீருக்கு வெயில் படாத பள்ளம் வேண்டும், இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி வெளிச்சம் கிடைக்கும் மேடுகள் தென்துருவத்து ஷேக்கில்டன் பள்ளத்தின் விளிம்பு போன்ற ஒருசில இடங்களில்தான். 2022-இல் நாசா தென்துருவத்தில் தேர்ந்த இறங்குமிடங்கள் 13. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 15 கிலோமீட்டருக்கு 15 கிலோமீட்டர். சீனாவும் அதே தென்துருவத்தைத்தான் பார்க்கிறது. நிலா பெரியது, பயனுள்ள நிலா மிகச் சிறியது.

26 ஜூலை

கடலடித் தரையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது. மனித குலத்தின் பொதுச் சொத்து என்று ஓர் இடத்தை அறிவித்து, அதற்கு ஒரு அலுவலகமும் திறந்து, ராயல்டி விதிகள் எழுத உட்கார்ந்த ஒரே அனுபவம் நமக்கு அங்கேதான் இருக்கிறது.

1982 கடல் சட்ட உடன்படிக்கை அதைச் செய்தது. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் சர்வதேசக் கடலடி ஆணையம் 1994 முதல் இயங்குகிறது. அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு நாடோ கம்பெனியோ சுரங்க இடம் கேட்டால், சம மதிப்புள்ள இரண்டு இடங்களுக்குப் போதுமான பரப்பையும் தகவலையும் கொடுக்க வேண்டும். ஒன்றை ஆணையம் ஒதுக்கி வைத்துக்கொள்ளும், வளரும் நாடுகளுக்காக. எது ஒதுக்கப்படும் என்று கேட்பவருக்கு முன்கூட்டித் தெரியாது. ஆகவே மட்டமான பாதியைத் தள்ளிவிட முடியாது. தணிக்கையில் வேலை பார்த்தவனுக்கு இந்த விதியை எழுதியவர்களைக் கும்பிடத் தோன்றும். ஏமாற்றிப் பயனில்லாதபடி விதியே நின்றுகொள்கிறது, காவலாள் தேவையில்லை.

அப்புறம் என்ன ஆயிற்று? கட்டாயத் தொழில்நுட்பப் பகிர்வும் கனத்த கட்டணங்களும் இருந்ததால் தொழில்வள நாடுகள் ஒதுங்கி நின்றன. 1994-இல் ஒரு துணை உடன்பாடு போட்டு அவற்றைத் தளர்த்தினார்கள். அமெரிக்கா அதற்குப் பிறகும் சேரவில்லை. ராயல்டி எவ்வளவு என்ற பேச்சு இன்னும் முடியவில்லை. 2025 ஜூலைக் கூட்டமும் சுரங்க விதிகள் நிறைவேறாமல்தான் முடிந்தது. இதற்கிடையில் 2025 ஏப்ரலில் அமெரிக்கா தன் 1980 சட்டத்தின்கீழ் தானே அனுமதி தரப்போவதாக ஆணையிட்டது. சில நாட்களில் தி மெட்டல்ஸ் கம்பெனி என்ற கடலடிச் சுரங்க நிறுவனம் விண்ணப்பமும் போட்டுவிட்டது.

"பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று தொடக்கத்தில் எழுதியவருக்கு இதைத்தான் காட்ட விரும்புகிறேன். முதலீடு போட்ட கம்பெனியும் அதன் பின்னால் நிற்கும் அரசும் மேசைக்கு வந்தபிறகு விதி எழுதுவது இப்படித்தான் இருக்கும். நிலாவில் யாருக்கு எந்த மேடு கிடைக்கும் என்று தெரியாத இப்போதுதான் எல்லோருக்கும் நியாயமான விதி எழுத முடியும்.

27 ஜூலை

ஒருவர் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியானால் கடலடி ஆணையம் தோற்றுவிட்டது, அதையே நிலாவுக்குக் கேட்கிறீர்களா?" என்கிறார். ஆணையத்தைக் கேட்கவில்லை. அந்த இரண்டு இட விதியைக் கேட்கிறேன். தன்னாட்டு அரசே உரிமம் தரும் முறையிலும் அதைப் பொருத்தலாம்.

2 ஆகஸ்ட்

எடையின் மேல் வேண்டாம், விலையின் மேல் வேண்டாம் என்றால் எதன் மேல்? பலரும் கேட்டாயிற்று. என் பதில்: இடத்தைத் தனியாக அடைத்துவைத்திருப்பதன் மேல்.

ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையின் 11-ஆம் பகுதி பாதுகாப்பு வளையங்களைப் பேசுகிறது. ஒரு தளத்தைச் சுற்றி இன்ன பரப்பில், ஒருவர் வேலையை இன்னொருவர் கெடுக்காதபடி, முன்னறிவிப்பும் ஒருங்கிணைப்பும் வேண்டும் என்கிறது. இதற்கு நல்ல காரணம் உண்டு. நிலாவில் காற்று இல்லை, இறங்கும் ராக்கெட் கிளப்பும் தூசி வெகுதூரம் துப்பாக்கிக் குண்டுபோல் பறக்கும். இடைவெளி வேண்டியதுதான். ஆனால் ஒரு மேட்டைச் சுற்றி வளையம் போட்டு அங்கேயே இருபது ஆண்டு உட்கார்ந்தால், உரிமைப்பத்திரம் இல்லையே தவிர மற்றவருக்கு அந்த மேடு இல்லை. விண்வெளி ஒப்பந்தத்தின் 2-ஆம் பிரிவு தடுக்க நினைத்தது இதைத்தான்.

ஆகவே வளையத்துக்கு ஆண்டு வாடகை. பரப்புக்கு ஏற்ப, அரிதான இடமா என்பதற்கு ஏற்ப, காலம் போகப்போகக் கூடும்படி. இரண்டு பேர் ஒரே மேட்டைக் கேட்டால் ஏலம். இருவரும் தங்கள் கணக்கைப் போட்டுத் தங்களால் முடிந்த தொகையைச் சொல்வார்கள். விலை என்ன என்று அதிகாரி ஊகிக்க வேண்டியதில்லை. ராக்கெட் செலவு குறைந்து தண்ணீர் மதிப்பிழந்தால் அடுத்த ஏலத்தில் வாடகையும் தானே இறங்கும். வேண்டாத வளையத்தைத் திருப்பித் தருவதுதான் கம்பெனிக்கு லாபம் என்று ஆகிவிடும்.

15 ஜூலை குறிப்பில் சொன்ன எடைமேடைத் தொல்லையும் இதில் வராது. எத்தனை டன் எடுத்தார்கள், ஈரம் எவ்வளவு, யாருக்கு விற்றார்கள் என்று எதுவும் கேட்க வேண்டாம். வளையம் எங்கே, எவ்வளவு பெரிது என்பது போதும். அதைக் கம்பெனியே அறிவித்தாக வேண்டும், அறிவிக்காத வளையத்தை மற்றவர்கள் மதிக்கத் தேவையில்லை. ஒரு படப்புள்ளிக்கு அரை மீட்டர் வரை நுணுக்கமான படங்களை, நிலாவைச் சுற்றும் நாசாவின் லூனார் ரெக்கனைசன்ஸ் ஆர்பிட்டர் கலம் 2009 முதல் எடுத்துக்கொண்டிருக்கிறது. வளையத்துக்குள் வேலை நடக்கிறதா, சும்மா அடைத்துவைத்திருக்கிறார்களா என்பதை மேலேயிருந்தே பார்க்கலாம்.

3 ஆகஸ்ட்

நேற்று எழுதியதில் எனக்கே ஒரு தயக்கம். ஏலம் என்றால் பணக்காரர் ஜெயிப்பார். ஐந்து பெரிய கம்பெனிகள் எல்லா மேடுகளையும் எடுத்துக்கொண்டால்? அதற்குத்தான் அந்த இரண்டு இட விதி. கேட்பவர் கொடுத்த இரண்டில் ஒன்று ஒதுக்கீட்டில் போகும். ஏலத்தையும் ஒதுக்கீட்டையும் சேர்த்துப் பாருங்கள், தனித்தனியாக இரண்டுமே போதாது.

5 ஆகஸ்ட்

"ரிஸ்க் எடுக்கிறவரை முதல் நாளே பிடுங்கினால் யார் போவார்கள்?" நியாயமான பயம். பிடுங்க வேண்டியதில்லை. கடல் சட்ட உடன்படிக்கையின் 82-ஆம் பிரிவைப் படியுங்கள். கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பாலும் ஒரு நாட்டின் கண்டத்திட்டு நீண்டு, அங்கே எண்ணெயோ கனிமமோ எடுத்தால், அந்த நாடு உலகத்துக்கு ஒரு பங்கு தர வேண்டும். முதல் ஐந்து ஆண்டு ஒன்றுமில்லை. ஆறாம் ஆண்டு உற்பத்தி மதிப்பில் 1 சதவீதம். பிறகு ஆண்டுக்கு ஒன்று கூடி, பன்னிரண்டாம் ஆண்டு 7 சதவீதம். அதோடு நின்றுவிடும்.

இதில் இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் மூச்சுவிட இடம் தருவது ஒன்று. கம்பெனியிடம் உலக அமைப்பு நேராகப் போய் நிற்காமல், உரிமம் கொடுத்த அரசே வசூலித்துச் செலுத்துவது மற்றது. விண்வெளி ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவு ஏற்கெனவே அந்த அரசைப் பொறுப்பாக்கியிருக்கிறது. புதிதாக ஒரு சர்வதேச வரித்துறை கட்ட வேண்டாம்.

வரி கூடினால் முதலீடு ஓடிவிடும் என்பதற்கும் சேர்த்துச் சொல்கிறேன். நார்வே எண்ணெய்க்கு மொத்தம் 78 சதவீதம் வரி போடுகிறது. கம்பெனிகள் ஓடவில்லை. நட்டத்திலும் அதே அளவு பங்கை அரசு சுமக்கிறது என்பதுதான் காரணம். இன்னொரு பக்கம், சிறுகோள்களில் தோண்டக் கிளம்பிய பிளானட்டரி ரிசோர்ஸஸ் கம்பெனியைப் பாருங்கள். ராயல்டி எதுவும் கேட்கப்படவில்லை. லக்சம்பர்க் அரசு பணமே போட்டது. 2018-இல் கம்பெனி ஒரு பிளாக்செயின் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அதே தொழிலுக்குக் கிளம்பிய டீப் ஸ்பேஸ் இண்டஸ்ட்ரீஸ் அடுத்த ஜனவரியில் விற்கப்பட்டது. அவர்களைச் சாய்த்தது வரி இல்லை. வாங்குவதற்கு ஆளில்லாத சரக்கு.

9 ஆகஸ்ட்

1979 நிலா உடன்படிக்கை செத்துப்போன காகிதம் என்கிறவர்களுக்கு. சவுதி அரேபியா விலகியபின் 17 நாடுகள்தான் மிச்சம், தன் சொந்த ராக்கெட்டில் மனிதரை அனுப்பிய நாடு ஒன்றுகூட அதில் இல்லை. உண்மை. இந்தியா 1982-இல் கையெழுத்திட்டு, உறுதி செய்யாமல் விட்டு, 2023 ஜூனில் ஆர்ட்டெமிஸில் கையெழுத்திட்டது. அமெரிக்கா 2020-இல் அதிபர் ஆணை மூலமே நிலா உடன்படிக்கையை நிராகரித்தது. விண்வெளியைப் பொதுவெளியாகத் தான் கருதவில்லை என்றும் அதே ஆணையில் எழுதியது.

ஆனால் ஆஸ்திரேலியா, மெக்சிகோ, நெதர்லாந்து, பெல்ஜியம், ஆஸ்திரியா ஆகியவை நிலா உடன்படிக்கை, ஆர்ட்டெமிஸ் இரண்டிலும் இருக்கின்றன. அவர்கள் நிலா உடன்படிக்கையின் 11-ஆம் பிரிவுக்கும் கட்டுப்பட்டவர்கள். வளம் எடுப்பது சாத்தியமாகும் நேரத்தில் ஒரு சர்வதேச முறையை ஏற்படுத்த வேண்டும் என்கிறது அது. என்ன முறை என்று சொல்லவில்லை. வளரும் நாடுகளின் தேவையையும், உழைத்தவர்களின் பங்களிப்பையும் சேர்த்தே எடைபோடச் சொல்கிறது. இடவாடகை அதற்குள் வசதியாக உட்காரும். இந்த ஐந்து நாடுகளும் சேர்ந்து ஒரு வரைவை முன்வைத்தால் இரு பக்கமும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

10 ஆகஸ்ட்

செயற்கைக்கோள் இடங்களை ஒருவர் இழுத்தார், நல்லது. பூமியில் ஒரே இடத்துக்கு மேலே செயற்கைக்கோள் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் சுற்றுப்பாதையும் யாருக்கும் சொந்தமில்லாத அரிய இடம்தான். 1976-இல் பொகோட்டாவில் நிலநடுக்கோட்டு நாடுகள் எட்டு கூடி, தலைக்கு மேலுள்ள துண்டு தங்களுடையது என்று அறிவித்தன. மற்றவர்கள் ஏற்கவில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் முதலில் பதிந்தவருக்கு முன்னுரிமை என்ற முறையே பெரும்பாலும் நின்றது. விளைவு, செயற்கைக்கோளே இல்லாமல் காகிதத்தில் மட்டும் இடம் பிடிப்பது. பெரிய கூட்டங்களாகச் செயற்கைக்கோள் விடுவோருக்கு 2019-இல் ஒரு கெடு வைத்தார்கள்: இரண்டு ஆண்டில் பத்து சதவீதம், ஐந்து ஆண்டில் பாதி, ஏழு ஆண்டில் முழுவதும் ஏவியாக வேண்டும். இல்லையென்றால் உரிமை அந்த அளவுக்குச் சுருங்கும்.

நிலா வளையத்துக்கும் இப்படிக் கெடு வேண்டும். வாடகை கட்டிக்கொண்டே எதுவும் செய்யாமல் அடைத்துவைக்கும் பணக்காரரை வாடகை மட்டும் அசைக்காது.

16 ஆகஸ்ட்

"பணம் எதற்கு? தகவலையும் பயிற்சியையும் பகிர்ந்தால் போதாதா?" விண்வெளி வளங்களுக்கு விதி தேடிக் கூடிய ஹேக் பணிக்குழு 2019-இல் வெளியிட்ட அடிப்படைக் கூறுகளும் இதைத்தான் சொல்கின்றன. கட்டாயப் பணப்பகிர்வு கூடாது என்று அதில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு ஒப்பவில்லை. தகவல் பகிர்வு நல்லது, அதைத் தடுக்கவில்லை. ஆனால் எந்தத் தகவலை, எப்போது, எந்த அளவில் என்பதைக் கொடுப்பவரே முடிவுசெய்வார். தணிக்கையில் "எல்லாக் கோப்பும் கொடுத்துவிட்டோம்" என்று சொல்லி அறை நிறையத் தாள்களை இறக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். தேவையான ஒரு தாள் அதில் இருக்காது. பணத்தை அப்படி மறைக்க முடியாது. வந்ததா, வரவில்லையா என்று ஒரே பார்வையில் தெரியும்.

தொகை தொடக்கத்தில் மிகச் சிறியதாகத்தான் இருக்கும். யாருடைய பசியும் அதில் தீராது. வழி திறந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை. அலாஸ்கா 1976-இல் தன் அரசியல் சட்டத்தில் கனிம ராயல்டியில் குறைந்தது கால் பங்கு நிரந்தர நிதிக்குப் போக வேண்டும் என்று எழுதியது. எண்ணெய்ப் பணம் பெருக்கெடுத்து வருவதற்கு முன்பே எழுதிவிட்டது. வந்தபிறகு எழுத முயன்றிருந்தால் அந்தக் கால் பங்கு நின்றிருக்குமா?

23 ஆகஸ்ட்

"சரி, நாளைக்கே என்ன செய்யச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டவருக்கு.

பதிவேடு. 1975 பதிவு உடன்படிக்கைப்படி ஏவிய கலங்களை ஐ.நா.விடம் பதிகிறோம். கலத்துக்குப் பதிவு இருக்கிறது, இடத்துக்கு இல்லை. எந்த நாட்டின் உரிமத்தில், எந்த ஆயத்தொலைவில், எவ்வளவு ஆரத்தில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வளையம் என்று ஒரு பொதுப் பட்டியல் வேண்டும். ஐ.நா. விண்வெளிக் குழுவின் வளப் பணிக்குழு தன் கொள்கைகளை 2027-க்குள் முடிக்க வேண்டியிருக்கிறது. வரி என்று பேசினால் அந்த அறையில் பாதிப்பேர் எழுந்து போவார்கள். பதிவேட்டுக்கு அமெரிக்காவும் சீனாவும் ஒப்புக்கொள்ள முடியும், இருவருக்கும் மோதல் பயம் இருக்கிறது.

பட்டியலில் ஒரு கட்டத்தைக் கூடுதலாக வைக்கச் சொல்வேன்: ஆண்டுக் கட்டணம். முதல் ஐந்து ஆண்டுக்கு அதில் சுழியம் என்றே எழுதட்டும்.